மேட்டுப்பட்டி பிரசவ வார்டு

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வந்த ரோஸ்மேரி, கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் நேரே மாடிக்கு ஏறினாள். "காப்பி ஆறிரும் ரோசு" என்று கீழேயிருந்து ஞானராஜ் சொன்னது காதில் விழுந்தது. அதற்குள் அவள் ஜன்னலோரக் கூண்டைத் திறந்து, உள்ளங்கையை விரித்து உள்ளே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எலியை நாம் பிடிக்கப் போகக் கூடாது, அதுவாகக் கைக்கு வர வேண்டும் என்பது அந்த அறையின் முதல் சட்டம். தலையும் தோளும் கறுப்பு, மற்ற உடம்பெல்லாம் வெள்ளை என்றிருந்த பெண் எலி, தன் வயிற்றோடு ஒட்டிக் கிடந்த குட்டிகளை விலக்கிவிட்டு மெல்ல வந்தது. அவளுடைய மணிக்கட்டை மோந்து பார்த்தது. பிறகு கைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. குட்டிகளுக்கு அப்போதுதான் கண் திறந்திருந்தது. புதிதாகக் கிடைத்த வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடறிக்கொண்டிருந்தன.

வயிறு பார்க்கும்போது ரோஸ்மேரி கண்ணை மூடிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். கண் பார்ப்பதை நம்பினால் விரல் சோம்பேறியாகிவிடும் என்று புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளிடம் சொல்வாள். எலியின் விலாவுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து, தோல் சுருங்காத அளவுக்கு மெதுவாகத் தடவினாள். பால் கொடுக்கிற தாயின் வயிறு தளர்ந்து, வெறுமையாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. விரலுக்கடியில் கொண்டைக்கடலையைக் கோத்து வைத்தாற்போல உருண்டை உருண்டையாக ஏதோ நகர்ந்தது. அவள் கையை எடுத்துவிட்டு, செத்த நேரம் விட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். விரல் பொய் சொல்லவில்லை.

படியிறங்கி வந்து, ஆறிப்போன காப்பியைப் பார்த்தபடி, "கருப்பம்மா முழுகாம இருக்கா" என்றாள்.

ஞானராஜ் செய்தித்தாளை மடித்து வைத்தார். முப்பது வருடம் ஒரு செவிலியோடு குடித்தனம் நடத்திய தமிழ் வாத்தியார் அவர். அந்தக் குரலில் எப்போது கேள்வி கேட்கலாம், எப்போது கேட்கக் கூடாது என்று தெரிந்தவர். "எப்படி? ஆணைத்தான் நீ முன்னமே பிரிச்சு வச்சிட்டியே" என்று மட்டும் கேட்டார்.

"நான் பிரிச்சு வச்சேன். இவ குட்டி போட்ட அன்னைக்கு நாம மெட்ராஸ்ல இருந்தோம்ல, அப்ப யாரோ சேர்த்து வச்சிருக்காங்க."

யாரோ என்று அவள் சொன்னாலும் அது யார் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. மகன் அமலனின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அவர்கள் சென்னைக்குப் போயிருந்தபோது மாடிச் சாவி ஒரே ஒருவனிடம்தான் இருந்தது.

ரோஸ்மேரி எலி வளர்க்கத் தொடங்கிய கதை மேட்டுப்பட்டியில் இரண்டு மூன்று விதமாக உலவுகிறது. நடந்தது இதுதான். மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் காலம் முழுவதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். திண்டுக்கல்லில் பாதி ஜனம் தன் மனைவியின் கையில் பிறந்தது என்று ஞானராஜ் சொல்வது கொஞ்சம் மிகைதான். ஆனால் அவளோடு கடைத்தெருவுக்குப் போனால் பத்தடிக்கு ஒருவர் நின்று "சிஸ்டரம்மா" என்று கும்பிடுவது உண்மை. ஓய்வு பெற்ற பிறகு காலையில் வழக்கம்போல விழிப்பு வந்துவிடும்; அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாது. ஒருநாள் ஞானராஜின் மீன்தொட்டிக்குத் தீனி வாங்க, பேகம்பூர்ப் பக்கம் வாஜித் வைத்திருக்கும் வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போனாள். கிளிக்கூண்டுகளுக்குக் கீழே, மூலையில், ஒரு கம்பிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளெலி படுத்திருந்தது. முதுகில் முடி கொட்டித் தோல் தெரிந்தது. பிறந்து நாலைந்து நாளான குட்டிகள் அதன் மடியை இழுத்துக்கொண்டிருந்தன. அப்படியிருந்தும் வயிறு மறுபடி உப்பியிருந்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. பக்கத்திலேயே கொழுத்த ஆண் எலி ஒன்று மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவளுக்கு உச்சந்தலை சூடேறியது. இந்தக் காட்சியை அவள் வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். போன பிள்ளைக்குப் பால் மறக்கவைக்காமலே அடுத்த பிள்ளைக்கு வந்து படுக்கிற பெண்கள். வெளுத்த கண்கள், ரத்தமில்லாத நகங்கள். வராந்தாவில் நின்று வெற்றிலை போடும் மாமியாரிடமும், கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கும் கணவனிடமும் "மூணு வருசம் இடைவெளி விடுங்க" என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறாள். தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வருடம் அதே பெண் அதே கட்டிலுக்கு வருவாள்.

"ஏலே, இந்த ஆம்பளைய எதுக்கு இதுக்குள்ள போட்டு வச்சிருக்க?"

"ஜோடி சிஸ்டரம்மா. ஜோடியாத்தான் விடணும்" என்றான் வாஜித்.

"யாரு சொன்னா? குட்டி போட்ட அன்னைக்கே அது மறுபடி சினை பிடிக்கும்டா. வயித்துல ஒண்ணு, மடியில ஒண்ணுன்னா அது என்னத்துக்கு ஆகும்? உங்கம்மா ஜெய்தூன் பீவி உன்னைப் பெத்தப்ப ஒரு ராத்திரி பூரா நான் பக்கத்துல நின்னேன். கொடி சுத்திக் கெடந்த. அந்த நன்றிக்காச்சும் இந்தப் பொம்பளையத் தனியா எடுத்து வைய்யி."

கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். வாஜித்துக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தத் தாயையும் குட்டிகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து அவள் கையிலேயே கொடுத்து அனுப்பினான். மீன்தீனி வாங்க அவள் மறந்துபோனாள்.

அந்த முதல் எலி அதிக நாள் இருக்கவில்லை. அதன் உடம்பில் எதுவும் மிச்சமில்லை. ஞானராஜ்தான் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தார். "ஊரெல்லாம் எலிக்கு மருந்து வைக்குது, நீ எலிக்கு மருந்து குடுக்குற" என்று முந்தின வாரம் கேலி செய்திருந்தவர், அன்றைக்குக் குழிமேல் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்து மண்வெட்டியைக் கழுவினார். தாய் போனாலும் குட்டிகளில் இரண்டு பிழைத்துக்கொண்டன. இரண்டும் பெண்கள். சொட்டு சொட்டாகப் பால் கொடுத்து, பஞ்சில் சுற்றி வைத்து அவள் வளர்த்தவை. நல்லபடியாக வளர்ந்த பெண் எலி எப்படியிருக்கும் என்று இந்த ஊருக்குக் காட்டியே தீர்வது என்று ரோஸ்மேரி தீர்மானித்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை மேட்டுப்பட்டி முகம் சுளித்தபடியே வேடிக்கை பார்த்தது. மாடி அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்கு நெருக்கமான கம்பிவலை போட்டார்கள். மரத்தூள் மூச்சுக்கு ஆகாது என்று காகிதத்தைக் கிழித்துப் படுக்கை போட்டாள். வெளியிலிருந்து ஓர் ஆண் எலியும் வாங்கித் தனிக்கூண்டில் வைத்தாள். போனில் தேடித் தேடிப் படித்தாள். படித்ததில் புரியாததைக் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் அறிவுச்செல்வியிடம் போய்க் கேட்டாள். மாடும் நாயும் பார்க்கிற அந்தச் சின்னப் பெண் முதல்நாள் சிரித்துவிட்டாள். மறுமுறை போனபோது மேஜைமேல் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்து, "உங்களுக்காகத்தான் இதைத் தேடி எடுத்தேன் மேடம், சேர்ந்தே படிப்போம்" என்றாள். உடம்பு முற்றாத பெண்ணை இணை சேர்ப்பதில்லை. வயது கடந்தும் சேர்ப்பதில்லை. வயிறு தெரிந்ததுமே ஆணைப் பிரித்துவிட வேண்டும். சினை எலிக்கு அவித்த முட்டை, கேழ்வரகு, முளைகட்டிய பயறு. குட்டிகள் பால் மறந்த பிறகும் தாய்க்கு இரண்டு மூன்று மாதம் முழு ஓய்வு. வாழ்நாளில் மூன்று ஈற்று, அதற்குமேல் கிடையாது. ரோஸ்மேரி சொன்னதை அங்கே யாரும் மீற முடியாது. வராந்தாவில் மாமியார்கள் இல்லை.

அந்த எலிகளைப் பார்த்தவர்கள் பிறகு எலி என்ற சொல்லையே தயங்கித்தான் சொன்னார்கள். முடி பட்டுப்போல மின்னும். வால் சுத்தமாக, ரோஜா நிறத்தில் இருக்கும். பிறந்ததிலிருந்து கைபட்டு வளர்ந்ததால் குட்டிகள் மனிதனைக் கண்டு ஓடாமல் அவன் சட்டைப்பைக்குள் புகுந்துகொள்ளும். மதுரையிலிருந்தும் கரூரிலிருந்தும் கல்லூரிப் பிள்ளைகள் பைக்கில் வந்தார்கள். வருகிறவர்களைப் பெண் கொடுக்கிற வீட்டார்போல அவள் விசாரிப்பாள். வீட்டில் பூனை உண்டா, பகலில் யார் இருப்பார்கள், ஒற்றையாய் வளர்க்க மாட்டாயே, இரண்டு பெண்களாகக் கொண்டுபோ. திருப்தியில்லை என்றால் காப்பி கொடுத்து வெறுங்கையோடு அனுப்பிவிடுவாள். வாஜித்தின் கடையிலும் இப்போது அவளுடைய எலிகள்தான்; அவள் ஊரில் இல்லாத நாட்களில் மாடிச் சாவியை வாங்கிக்கொண்டு தீனி வைப்பவனும் அவன்தான். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது ஞானராஜே, "எங்க வீட்டம்மா எலிக்குட்டி ஒண்ணுகூடச் சாகலயாம் இந்தத் தடவை" என்று, பேத்தி முதல் மதிப்பெண் வாங்கியதைச் சொல்கிற குரலில் சொல்வார்.

பெண் எலிகளுக்கெல்லாம் அவள் தன்னோடு வார்டில் வேலை பார்த்தவர்களின் பேரை வைத்தாள். ஸ்டெல்லா, மார்த்தா, விமலா. எல்லாவற்றிலும் சிறந்த தாய்க்குக் கருப்பம்மாள் என்று பேர். மனுஷக் கருப்பம்மாள் அந்த வார்டின் ஆயா. ஓய்வுபெற்ற பிறகு அய்யலூருக்குப் பக்கத்தில் மகனோடு நாலு ஆடு வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை ரோஸ்மேரியைப் பார்க்க வந்தவள், கூண்டில் ஒட்டியிருந்த பேரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். முகம் இருண்டுபோயிற்று.

"கருப்பா இருக்குன்னு எம்பேர வச்சீங்களா சிஸ்டர்?"

ரோஸ்மேரி பதறவில்லை. "இல்ல கருப்பம்மா. வார்டுல எந்தக் கட்டில்ல யாரு முனங்குனாலும் மொத ஆளா ஓடி வாரது யாரு? நீதான? இவளும் அப்படித்தான். பக்கத்துக் கூண்டுல குட்டி கத்துனாக்கூட இவ எந்திரிச்சு வந்து கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. வேற என்ன பேரு வைக்கச் சொல்ற?"

கருப்பம்மாள் அந்த எலியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பஸ் ஏறிப் போனாள். அடுத்த மாதம் அய்யலூர்ச் சந்தைக்கு மறுநாள் பையில் பச்சைக் கடலையோடு வந்து இறங்கி, வாசலிலேயே "எம்பேருக்காரி எப்படி இருக்கா?" என்று கேட்டாள். அதன்பிறகு போனில் பேசும்போதெல்லாம் அதுதான் முதல் கேள்வி.

அந்த எலிதான் இப்போது மடியில் குட்டிகளோடு மறுபடியும் வயிறு தாங்கியிருந்தது.

வாஜித்தை அன்று மாலையே வரவழைத்தாள். அவன் படியேறி வரும்போதே தெரிந்தது, விஷயம் தெரிந்துதான் வருகிறான் என்று. வாசலில் செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினான்.

"ஆண் எலி ஒத்தையில கெடந்து கம்பியக் கடிச்சுக்கிட்டே இருந்துச்சு சிஸ்டரம்மா. பாவமா இருந்துச்சு. ஒரு நாள்தான் விட்டேன்."

"ஒரு நாள் போதும்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ரோஸ்மேரி காத்திருந்தாள். உண்மை வருவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். "கோயமுத்தூர்க் கடைக்காரரு நெறையக் குட்டி கேட்டாரு. கருப்பம்மா குட்டின்னா கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கிறேன்னாரு. நீங்க ரெண்டு மாசம் ஆகும்னீங்க. நான் சீக்கிரமே தர்றேன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன்" என்றான் கடைசியில்.

திட்டுவாள் என்று கதவோரம் நின்றிருந்த ஞானராஜ் எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. கூண்டைத் திறந்து, வாஜித்தின் சுட்டுவிரலைப் பிடித்து எலியின் வயிற்றில் வைத்தாள். "அமுக்காத. சும்மா வை. தெரியுதா?" அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். விரலுக்கடியில் என்ன தெரிந்ததோ, கையை இழுத்துக்கொண்டு, "யா அல்லாஹ்" என்றான் மெல்ல.

"போ. இனிமே தினம் வந்து நீதான் இவளுக்கு முட்டை அவிச்சுத் தரணும்."

அவன் வந்தான். கடையைத் திறப்பதற்கு முன்னால் தினமும் வந்தான். பால் கொடுக்கும் எலிக்கு வயிற்றுக் கரு கொஞ்சம் தாமதித்துத்தான் வளரும் என்பதால் எந்தத் தேதிக்கு ஈனும் என்று ரோஸ்மேரியால் கணக்குச் சொல்ல முடியவில்லை. மூத்த குட்டிகளைச் சீக்கிரமே தீனிக்குப் பழக்கி, தாயைத் தனிக்கூண்டில் வைத்தாள். முட்டையும் கேழ்வரகுக் கஞ்சியும் தின்றும் அதன் முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. மற்ற எலிகளைக் கையில் எடுக்கும்போது வருகிற பெருமிதம் அதைத் தூக்கும்போது வரவில்லை. அந்த நாட்களில் பார்க்க வந்தவர்களை எல்லாம் அவள் கீழேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பினாள். ஞானராஜுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் மோசமான கேஸ் இருக்கிற நாட்களில் இவள் இப்படித்தான் வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எலி காகிதங்களை இழுத்துக் கூடு கட்டத் தொடங்கியது. கருப்பம்மாளுக்குப் போன் போட்டாள் ரோஸ்மேரி. ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. நெருக்கடி என்றால் அந்தப் பேரைக் கூப்பிட்டுப் பழகிய வாய். மறு பஸ்ஸிலேயே ஆள் வந்து சேர்ந்தாள். மாடியில் இருவரும் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்தார்கள். எலி உடம்பை நீட்டி, விலாவை உள்ளிழுத்து முக்கியது. கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. குட்டி வரவில்லை. மறுபடி முக்கியது. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரையைத் தாண்டிச் சுவருக்குப் போயிற்று. எலி முக்குவதை நிறுத்திவிட்டு, கண்ணைப் பாதி மூடி, தலையைக் காகிதத்தில் சாய்த்தது.

"வலி நின்னுபோச்சு சிஸ்டர்" என்றாள் கருப்பம்மாள்.

ரோஸ்மேரி எழுந்துவிட்டாள்.

வாஜித்தின் ஆம்னி வேனில் போனார்கள். முன்சீட்டில் ஞானராஜ், பின்னால் இரண்டு பெண்களுக்கும் நடுவில் துண்டு போர்த்திய கூடை. கால்நடை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கன்றுக்குட்டியும், கழுத்தில் கயிறு போட்ட நாயும், சினை ஆட்டோடு ஒரு பெரியவரும் இருந்தார்கள். கூடைக்குள் என்ன என்று பெரியவர் கேட்டார். கருப்பம்மாள் "பிரசவக் கேஸ்" என்றாள். அவர் ஆட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.

அறிவுச்செல்வி கையுறை போட்டுக்கொண்டு, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தாள். அவளுடைய நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "பிறப்பு வாயிலேயே ஒரு குட்டி அடைச்சுக்கிட்டு இருக்கு மேடம். அது உயிரோட இல்ல. பின்னால இன்னும் இருக்கு. இம்புட்டு சின்ன உடம்புல நான் இதுவரைக்கும் கை வச்சதில்ல, உண்மையச் சொல்லிர்றேன். முதல்ல கால்சியம் போடுறேன். குட்டியை மெதுவா எடுக்கப் பார்க்குறேன். முடியலன்னா கிழிக்கணும். கிழிச்சா..." அவள் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்னு வந்தா, தாயா, குட்டியா?"

அந்தக் கேள்வியை ரோஸ்மேரி எத்தனையோ வராந்தாக்களில் டாக்டருக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். உள்ளே படுத்திருப்பவளிடம் அதை யாரும் கேட்டதில்லை, நர்ஸிடமும் கேட்டதில்லை. கணவன் தன் அம்மாவைப் பார்ப்பான், அம்மா வேறு எங்கோ பார்ப்பாள். அந்தச் சில நொடிகளில் கையில் பாத்திரத்தோடு நிற்கும் அவளுக்குள் ஒரு சொல் கிடந்து முட்டும். இத்தனை வருடம் முட்டிய சொல் இப்போது எந்தத் தடையும் இல்லாமல் வந்தது.

"தாய்" என்றாள். "யோசிக்கவே வேணாம் டாக்டர். தாய்."

கருப்பம்மாள் எலியின் தலையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். ரோஸ்மேரி பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டாள். அறிவுச்செல்வி ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். எண்ணெய் தடவிய மழுங்கிய இடுக்கியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். "செத்த பொறு தாயி, செத்த பொறு. வந்துருச்சு, வந்துருச்சு" என்று கருப்பம்மாள் மட்டும் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டேயிருந்தாள். எந்தக் கட்டிலில் எந்தப் பெண்ணுக்குச் சொன்னாளோ, அதே குரல், அதே ராகம். இறந்த குட்டி வெளியே வந்தது. அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. டாக்டர் இன்னொரு ஊசியை, துளி அளவுக்குப் போட்டாள். வெகுநேரம் ஆனதுபோல இருந்தது. எலியின் விலா அசைந்தது. அது தலையைத் தூக்கி, கருப்பம்மாளின் கட்டைவிரலைப் பல் படாமல் கவ்விக்கொண்டு முக்கியது.

அடுத்தது உயிரோடு வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. அறிவுச்செல்வி சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். வெளியே நின்ற ஞானராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார். வாஜித் பார்க்கவில்லை, வேனுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"இவளால இப்பப் பால் குடுக்க முடியாது" என்றாள் டாக்டர்.

"வீட்டுல ஸ்டெல்லா இருக்கா. போன வாரம்தான் ஈன்னா. அவ கூட்டுக் காகிதத்துல இதுகளப் பெரட்டி எடுத்து விட்டா, தன்னோடதுன்னு நக்கி எடுத்துருவா" என்றாள் ரோஸ்மேரி. அவள் குரல் வார்டுக் குரலாக மாறியிருந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "இதை நான் என் காலேஜ் ஃபிரண்ட்ஸ் எல்லாருக்கும் சொல்லப்போறேன் மேடம்" என்றாள்.

திரும்பி வரும்போது கூடை ரோஸ்மேரியின் மடியில் இருந்தது. குட்டிகளை வெதுவெதுப்பான துணிக்குள் கருப்பம்மாள் வைத்திருந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்ததால் வேன் நின்றது. ரோஸ்மேரி யாரிடமென்று இல்லாமல், "இவளுக்கு இதோட போதும். இனி இவ ஈன வேணாம். ஆணுப் பக்கமே விட மாட்டேன். தின்னுட்டு, விளையாடிட்டு, சும்மா இருக்கட்டும்" என்றாள்.

கருப்பம்மாள் துணியை விலக்கிக் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஏழு பெத்தேன் சிஸ்டர்" என்றாள். "ஏழாவதுக்கு முந்தி எனக்கு எந்திரிச்சு நிக்கவே சத்தில்ல. அப்பவும் ஒருத்தரும் எனக்குப் போதும்னு சொல்லல."

ரயில் தடதடத்துப் போனது. கண்ணாடியில் வாஜித்தின் கண்கள் தெரிந்தன. அவன் அவசரமாகத் துடைத்துக்கொண்டான். ரோஸ்மேரி ஒரு கையைக் கூடையிலிருந்து எடுத்து, கருப்பம்மாளின் முழங்கால்மீது வைத்தாள். கேட் திறந்தது. பின்னால் நின்ற மில் பஸ் ஹாரன் அடித்தது.

ஸ்டெல்லா அத்தனை குட்டிகளையும் ஏற்றுக்கொண்டது. மறுநாள் காலை ஒவ்வொரு குட்டியின் தோலுக்குள்ளும் வெள்ளைக் கோடாகப் பால் தெரிந்தது. அதைப் பார்க்க ஞானராஜ் பல் துலக்காமல் மாடியேறி வந்தார். கோயமுத்தூர்க் கடைக்காரரிடம் வாஜித் என்ன சொன்னான் என்று ரோஸ்மேரி கேட்கவில்லை. கடைக்கு மீன்தீனி வாங்கப் போன ஞானராஜ்தான் சொன்னார்: கடையில் இப்போது கிளிக்கூண்டுகளுக்குக் கீழே எலிகளுக்கு இரண்டு தனித்தனிப் பெட்டிகள். ஒன்றில் 'ஆண்', ஒன்றில் 'பெண்' என்று அவனே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறான். யாரோ ஒருவர் ஜோடியாகக் கேட்டதற்கு, "எங்க சிஸ்டரம்மா கிட்டப் போய்க் கேட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்" என்றானாம்.

ஆடுகளெல்லாம் ஈன்று முடிந்து, கை ஒழிந்த ஒருநாளில் கருப்பம்மாள் வந்தாள். எலிக் கருப்பம்மாளுக்கு முடி மறுபடி அடர்ந்திருந்தது. முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை. அது நேரே வந்து அவள் புடவையைப் பற்றி ஏறி, தோளில் உட்கார்ந்து காதோரம் மோந்தது. ரோஸ்மேரி ஸ்டெல்லாவின் கூண்டைத் திறந்துவிட்டாள். குட்டிகள் சிந்திய பாசிமணி மாதிரி வெளியே கொட்டின. முக்காலிக் கால்களைச் சுற்றின, ஞானராஜின் வேட்டிக் கரையைக் கடித்து இழுத்தன. அவர் "ஏய், ஏய்" என்றபடி காலைத் தூக்காமல் நின்றார். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் தாய்க்குக் காட்டத் தூக்கிப் பிடிப்பதுபோல, கருப்பம்மாள் ஒரு குட்டியை இரண்டு கைகளிலும் ஏந்தி ஜன்னல் வெயிலுக்கு நேரே தூக்கினாள். தோளில் இருந்த எலி கழுத்தை நீட்டியது. குட்டி முன்கால்களைக் குவித்து, மீசை துடிக்க, கீழே விரிந்து கிடந்த தெருவைப் பார்த்தது. அதன் மெல்லிய காதுகளுக்குள் வெயில் நுழைந்து, மாதுளை முத்துப்போலச் சிவப்பாக எரிந்தது.